எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது. திரையில் மட்டும் ‘செக் எஞ்சின்’ வந்து மறைகிறது. காரணம் என்னவாக இருக்கும்?

குடாக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவுக்கு வடக்கே, சிம்கோ ஏரியின் தென்கோடியில் உள்ள குக்ஸ் குடாவில் கோடைகாலத்தில் படகு கட்டி வைத்திருக்கிறேன். 18 அடி ஃபைபர் படகு; பின்னால் 115 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் எஞ்சின், 2016ஆம் ஆண்டுத் தயாரிப்பு, இதுவரை சுமார் 310 மணிநேரம் ஓடியிருக்கிறது. வார இறுதியில் பிள்ளைகளோடு சுற்றி வரவும் பேர்ச் மீன் பிடிக்கவும் மட்டுமே பயன்படுத்துகிறேன். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றும் அளவுக்கு எனக்குக் கைப்பழக்கம் உண்டு. மின்கம்பி என்றால் சற்றுத் தயக்கம்தான்.

இந்த ஆண்டு மே மாத விக்டோரியா தின விடுமுறையில் படகை நீரில் இறக்கியதிலிருந்து எனக்கு விளங்காத ஒரு சிக்கல் தொடர்கிறது. வரைபடமும் எஞ்சின் விவரங்களும் காட்டும் ஏழு அங்குலச் சார்ட்பிளொட்டர் திரையில், வரைபடத்தின் மேல் ஒரு மஞ்சள் பட்டை திடீரென விரிந்து ‘செக் எஞ்சின்’ என்று காட்டுகிறது. கூடவே திரையிலிருந்து இரண்டு முறை ‘பீப்’ ஒலி வருகிறது. ஐந்து முதல் பத்து நொடிக்குள் அது தானாகவே மறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எஞ்சினின் ஓசையிலோ வேகத்திலோ எந்த மாற்றமும் தெரியவில்லை. சாவித்துளைக்கு அருகில் இருக்கும் எஞ்சினின் சொந்த ஹோர்ன் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. சாவியைத் திருப்பும்போது வழக்கம்போல ஒரு கணம் ஒலிக்கிறது, ஆகவே ஹோர்ன் செத்துவிடவில்லை என்பதும் உறுதி.

முதல் இரண்டு வாரம் இது எப்போது வருகிறது என்றே பிடிபடவில்லை. பிறகு என் மகள் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு முறையும் நேரத்தையும் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் எழுதத் தொடங்கினாள். அவள் குறித்தவை ஒன்பது. நான்கு முறை, எஞ்சினைக் கிளப்பிய உடனே. மூன்று முறை, மாலையில் கரைக்குத் திரும்புகையில், ஆழம் ஒரு மீற்றருக்கும் குறைந்த நீரில் மெதுவாக வரும்போது. மிகுதி இரண்டும், மேற்குக் காற்று எழுந்து குட்டையான, நெருக்கமான அலைகள் அடித்த ஒரு பிற்பகலில், ஏரியின் நடுவே, முழு வேகத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடியபோது. இந்த மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் இதுவரை பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் அளவு சரியாக இருக்கிறது. குளிர்விக்கும் நீர் எஞ்சினின் பின்புறத்தில் விரல் தடிப்பில் நன்றாகவே பீய்ச்சுகிறது. நீர்ப்பம்பின் இம்பெல்லரைச் சென்ற ஆண்டுதான் மாற்றினேன். எரிபொருள் வடிகட்டியில் இருந்த பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி இரவு முழுவதும் வைத்துப் பார்த்தேன். அடியில் நீர் தங்கவில்லை. பற்றரி குளிர்காலம் முழுவதும் வீட்டு நிலவறையில் சார்ஜரோடு இருந்தது. காலையில் அளந்தபோது 12.6 வோல்ற் காட்டியது. ஆகையால் பற்றரியை நான் சந்தேகிக்கவில்லை.

திருத்தகம் ஒன்றில் கேட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. அதற்குள் வெப்ப உணரியையும் எண்ணெய் அழுத்த உணரியையும் வாங்கி மாற்றிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். ஜூலையில் குடும்பத்தோடு ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் ஜோர்ஜியன் குடா வரை போக எண்ணியிருக்கிறோம். கூச்சிச்சிங், ஸ்விஃப்ட் றப்பிட்ஸ், பிக் சூட், போர்ட் செவர்ன் என்று வழியில் கடக்க வேண்டிய நிலையங்கள் இருக்கின்றன. நீர்ப்பூட்டுக்குள், அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்திவிடும் கதவடைத்த தொட்டிக்குள், நுழைந்ததும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய எஞ்சின் அங்கே மறுபடி கிளம்பாவிட்டால் முன்னாலும் பின்னாலும் நிற்கும் படகுகளுக்கு நடுவில் என்ன செய்வது என்ற கவலைதான் பெரிதாக இருக்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தூண்டில்காரன் எழுதியது:

நானும் சிம்கோ ஏரியில்தான் படகு ஓட்டுகிறேன், பதினான்கு ஆண்டுகளாக. நீங்கள் சொன்னவற்றில் ‘ஒரு மீற்றருக்கும் குறைந்த நீரில்’ என்பதைப் படித்ததுமே எனக்குக் குக்ஸ் குடாவின் பாசிதான் நினைவுக்கு வந்தது. அந்தக் குடா ஆழம் குறைந்தது. ஜூன் பிறந்துவிட்டால் நீர்த்தாவரம் மேற்பரப்பு வரை வளர்ந்துவிடும். எஞ்சினின் கீழ்க்காலில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் நீர் உள்ளிழுக்கும் சல்லடைகளில் அது ஒட்டிக்கொண்டால் நீர்வரத்து குறைந்து வெப்பம் ஏறும். போதாததற்கு இந்த ஏரியில் வரிக்குதிரைச் சிப்பியும் உண்டு. நீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுகளின் சல்லடைக்குள் அதன் குஞ்சுகள் குடியேறியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் எஞ்சினை முழுவதுமாக உயர்த்திச் சல்லடைகளைப் பாருங்கள். அடுத்த முறை செய்தி வரும்போது, வேறு எதையும் செய்வதற்கு முன், பின்னால் திரும்பி நீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பீய்ச்சும் நீரைக் கையில் ஏந்தினால் இளஞ்சூடாக இருக்கலாம், கை சுடக் கூடாது. நீர் நின்றிருந்தாலோ, சுட்டாலோ, ஆவி வந்தாலோ எஞ்சினை உடனே நிறுத்தி நங்கூரம் போட்டுவிடுங்கள். எது எப்படி இருந்தாலும் உணரிகளை ஊகத்தில் வாங்காதீர்கள் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன். ஒரு கோடையில் அப்படி மூன்று உருப்படிகள் வாங்கி மாற்றினேன். கடைசியில் பழுது நான்காவது இடத்தில் இருந்தது.

ஆனால் கிளப்பிய உடனே ஏன் வருகிறது என்பதற்குப் பாசி பதில் சொல்லாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குளிர்ந்த எஞ்சின் ஐந்து நொடியில் சூடாக வழியில்லை.

கம்பிவடம் எழுதியது:

சிங்கப்பூரில் படகுகளுக்கு மின்னணுக் கருவிகள் பொருத்துவது என் தொழில். உங்கள் ஏரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் திரையைப் பற்றிச் சொல்ல முடியும்.

திரையில் தோன்றும் சொற்களை எழுதியது எஞ்சின் அன்று, திரையைச் செய்தவர்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். உங்கள் படகில் எஞ்சினும் திரையும் என்எம்இஏ 2000 என்ற வலையமைப்பின் வழியாகப் பேசிக்கொள்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் எஞ்சினின் நலம் பற்றிய தகவல் 127489 என்ற எண்ணுள்ள பொதியாக வருகிறது. எண்ணெய் அழுத்தம், வெப்பம், மின்னழுத்தம் போன்ற அளவுகளுக்குப் பிறகு, அந்தப் பொதியின் பின்பகுதியில் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் பிட்டுகளின் வரிசை ஒன்று இருக்கிறது. முதல் பிட் ‘எஞ்சினைச் சோதிக்கவும்’, இரண்டாவது மிகுவெப்பம், மூன்றாவது எண்ணெய் அழுத்தக் குறைவு, ஆறாவது மின்னழுத்தக் குறைவு, ஒன்பதாவது எரிபொருளில் நீர் என்று அது நீளும். எஞ்சின் எதைப் பார்த்துத் திடுக்கிட்டாலும் முதல் பிட்டை ஏற்றிவிடுவது வழக்கம். காரணத்தைச் சொல்லும் பிட்டையும் சில எஞ்சின்கள் சேர்த்து ஏற்றுகின்றன, சில ஏற்றுவதில்லை. சேர்த்து ஏற்றினாலும் சில திரைகள் முதலில் கண்டதை மட்டும் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, மற்றதை எச்சரிக்கைப் பட்டியலின் உள்ளே ஒதுக்கிவிடுகின்றன. ஆகவே உங்கள் திரையின் அமைப்புகளுக்குள் எச்சரிக்கை வரலாறு என்ற பக்கம் இருந்தால் திறந்து பாருங்கள். அந்த ஒன்பது முறைகளுக்கும் நேராக இன்னொரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஹோர்ன் ஒலிக்காததும் ஒரு தகவல்தான். மிகுவெப்பத்துக்கும் எண்ணெய் அழுத்தம் விழுவதற்கும் ஹோர்ன் அலறாத அவுட்போர்டை நான் இதுவரை பார்த்ததில்லை; பெரும்பாலானவை அத்தோடு வேகத்தையும் தாமே குறைத்துவிடும். உங்களுக்கு இரண்டும் நடக்கவில்லை. ஆகவே நீங்கள் வாங்க நினைத்த இரண்டு உணரிகளும்தான் இதில் குற்றமற்றவையாக இருக்க அதிக வாய்ப்பு.

இரண்டு சோதனைகள் செய்யுங்கள். இரண்டுக்கும் பணம் செலவில்லை.

ஒன்று, வலையமைப்பு நலமாக இருக்கிறதா என்று பார்ப்பது. எல்லா மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு டி வடிவ இணைப்பிலிருந்து கருவிக்குப் போகும் கம்பியை மட்டும் கழற்றி, அந்த இணைப்பில் வெள்ளைக் கம்பிக்கும் நீலக் கம்பிக்கும் உரிய ஊசிகளுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பாருங்கள். கருவிகள் எல்லாம் வந்து சேரும் முதுகெலும்புக் கம்பியின் இரு நுனிகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் மீட்டர் 60 அளவில் காட்டும். 120 காட்டினால் ஒரு நுனி கழன்றிருக்கிறது; 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சொருகியிருக்கிறார்கள்.

இரண்டாவது சோதனை இதைவிடச் சுவையானது. திரை தனக்கு வரும் மின்னழுத்தத்தைத் தானே அளந்து காட்டும். எஞ்சின் தன்னிடம் உள்ள மின்னழுத்தத்தை அளந்து வலையமைப்பின் வழியே அனுப்பும். இந்த இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்துக்கொண்டு படகை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் பேட்டரியைப் பாருங்கள். ஒன்று மட்டும் துள்ளினால், பேட்டரிக்கும் அந்தக் கருவிக்கும் இடையிலுள்ள வழியில்தான் கோளாறு. காலையில் அசையாமல் கிடக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டுவது, அது நன்றாகச் சார்ஜ் ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த மின்சாரம் எஞ்சினைப் போய்ச் சேருகிறதா என்பதைச் சொல்லாது.

வாடிக்காரன் எழுதியது:

தம்பி குடாக்கரை, நான் யாழ்ப்பாணத்தில் குருநகரிலும் பிறகு ஸ்காபரோவிலுமாக ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவுட்போர்ட் எஞ்சின்களோடு கிடந்தவன். ஊரில் நான் பழகியவை பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும், கயிற்றை இழுத்துக் கிளப்பும் எஞ்சின்கள்; அவற்றுக்குப் பற்றரியே கிடையாது. ஆகவே இந்த வோல்ற் விவகாரம் முழுவதையும் நான் இங்கே வந்துதான், அதுவும் சில தேவையற்ற பாகங்களை மாற்றிய பிறகுதான், கற்றுக்கொண்டேன். சிங்கப்பூர் நண்பர் சொன்னது முழுவதும் சரி. அதோடு உங்கள் மகளின் கொப்பியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியரை இழுக்கும். ஆழம் குறைந்த நீரில் மெதுவாக வரும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? காற்றாடி தரையில் இடிக்காமல் இருக்க ட்ரிம் பொத்தானை அழுத்தி எஞ்சினை உயர்த்துவீர்கள். அந்த ட்ரிம் பம்பு மோட்டாரும், இயங்கத் தொடங்கும் கணத்தில் ஸ்டார்ட்டருக்கு அடுத்தபடியாகப் பசி உள்ளது. போதாக்குறைக்கு அப்போது எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் சார்ஜும் குறைவாகவே வரும். பாசியும் அங்கேதான் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் உங்கள் விரலும் அப்போது ட்ரிம் பொத்தானின் மேல் இருக்கிறது. மூன்றாவதாக, குட்டை அலையில் படகு அடிபடும்போது யாரும் எதையும் அழுத்துவதில்லை, ஆனால் படகில் தளர்ந்திருப்பவை எல்லாம் ஆடும். இழுக்கும்போதும் ஆடும்போதும் மட்டும் வருகிற பழுது என்றால், தளர்ந்த அல்லது பூத்துப்போன ஓர் இணைப்பு என்றுதான் என் கை முதலில் போகும். மே மாதத்தில் தொடங்கியது என்கிறீர்கள். குளிர்காலத்துக்குக் கழற்றிய பற்றரியை மே மாதத்தில்தான் மறுபடி பூட்டியிருப்பீர்கள்.

ஓம் அளவில் வைத்து இதைத் தேட வேண்டாம். ஒரேயொரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீற்றர் சுழி என்றே காட்டும். ஆனால் அந்த ஓர் இழையால் ஸ்டார்ட்டருக்குச் சோறு போட முடியாது. மின்சாரம் ஓடும்போது வழியில் எவ்வளவு வோல்ற் தொலைகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும். பற்றரிப் பெட்டியின் மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றோட விடுங்கள். பெற்றோல் மணம் இருந்தால் தொடவே வேண்டாம். மீற்றரை டீசி வோல்றில் வையுங்கள். ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் தூணில் வையுங்கள், அதன் மேல் இருக்கும் கம்பி வளையத்தில் அன்று, தூணிலேயே. மறு முனையை எஞ்சினின் மூடியைக் கழற்றி, பெயிண்ட் இல்லாத வெறும் உலோகத்தில் வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, மகளைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிவிட்டால் பல எஞ்சின்கள் சுழலும், பற்றிக்கொள்ளாது. சிலவற்றில் சுழலவும் செய்யாது, அப்படியானால் கயிற்றோடே கிளப்புங்கள். மூன்று நான்கு நொடி போதும். அரை வோல்றுக்குள் இருந்தால் எர்த் பக்கம் நல்லது. பிறகு இதேபோல் பொசிற்றிவ் தூணுக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த முனைக்கும் இடையே பாருங்கள்; அங்கே உருகிப் பாதுகாப்பு இல்லாமல் மின்சாரம் இருக்கும், ஸ்பானர் எதையும் அருகில் வைக்காதீர்கள்.

அளப்பதற்கு முன் ஒன்றையும் இறுக்க வேண்டாம். இறுக்கிவிட்டால் பழுது ஓடிவிடும், எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. நீர்ப்பூட்டுக்குள் வைத்து அது திரும்பி வரும்.

குடாக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா வாடிக்காரன், உங்கள் பதிலைப் படித்த அன்றிரவே படகுக்குப் போக வேண்டும் என்று இருந்தது; சனிக்கிழமை வரை பொறுத்திருந்தேன்.

முதலில் சல்லடைகளைப் பார்த்தேன். இடப்பக்கத்தில் இரண்டு மூன்று நார் ஒட்டியிருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. வலையமைப்பில் 60.4 ஓம் காட்டியது. திரையின் எச்சரிக்கை வரலாற்றில், ஒவ்வொரு ‘செக் எஞ்சின்’ வரிக்கும் கீழே, அதே நிமிடத்தில், சாம்பல் நிறத்தில் இன்னொரு சிறிய வரி இருந்தது: ‘லோ சிஸ்டம் வோல்ற்றேஜ்’. ஆறாவது பிட். ஒரு மாதமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

பிறகு இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, படகைக் கட்டியபடியே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டேன். எஞ்சின் சொல்லும் அளவு 13.3, திரை சொல்லும் அளவு 12.7. அந்த வேறுபாடே வழியில் ஏதோ இருக்கிறது என்று காட்டியது. ட்ரிம் பொத்தானை அழுத்திய கணத்தில் எஞ்சினின் எண் 10.7-க்கு விழுந்து, பம்பு சுழலத் தொடங்கியதும் 11.5 அளவில் நின்றது. திரையின் எண் 12.4-க்குக் கீழே இறங்கவே இல்லை. மஞ்சள் பட்டையும் சொல்லிவைத்தாற்போல் விரிந்தது. மகள் கொப்பியில் பத்தாவது முறை என்று எழுதிக்கொண்டாள்.

அதன்பிறகு ஐயா சொன்னபடி அளந்தேன். ஸ்டார்ட்டர் சுழலும்போது பொசிற்றிவ் பக்கம் 0.3 வோல்ற். நெகற்றிவ் பக்கம் 1.4 வோல்ற்.

நெகற்றிவ் தூணில் இருந்ததை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே துண்டில் அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே, விரலால் திருகும் சிறகு வடிவ விங் நட் ஒன்று. அது விரலால் தொட்டதுமே கால் சுற்று சுற்றியது. அதற்குக் கீழே எஞ்சினிலிருந்து வரும் தடித்த கேபிளின் வளையம். அதற்கும் கீழே ஒரு ஸ்டெயின்லஸ் வாஷர். அதன் கீழே உருகிப் பலகையின் கம்பி, வலையமைப்பின் கம்பி, மீன் தொட்டிப் பம்பின் கம்பி, கடைசியாகப் பற்றரியின் ஈயத்தின் மேல், படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் மெல்லிய கம்பி. அதாவது எஞ்சினைச் சுழற்றும் மின்சாரம் முழுவதும் அந்த வாஷரையும், பச்சை பூத்த நான்கு சிறு வளையங்களையும் கடந்துதான் பற்றரிக்கு வந்துகொண்டிருந்தது. இப்படி அடுக்கியது யார் என்று தேட வேண்டியதில்லை. மே மாத நீள் விடுமுறையில், பிள்ளைகள் எல்லாம் பாதுகாப்பு அங்கியோடு ஏறி உட்கார்ந்து அவசரப்படுத்தியபோது, கைக்கு வந்த வரிசையில் மாட்டி, விரலால் திருகி, மூடியைப் போட்டவன் நான்தான்.

வளையங்களைப் பித்தளைத் தூரிகையால் துலக்கினேன். தடித்த கேபிளை முதலில், ஈயத்தின் மேல் நேரடியாக வைத்தேன். சிறு கம்பிகளை ஒரு செம்புப் பட்டைக்கு மாற்றி, அதிலிருந்து ஒரே கேபிளைத் தூணுக்குக் கொண்டுவந்தேன். விங் நட்டுகளை எறிந்துவிட்டு நைலோன் பூட்டு உள்ள நட்டுகள் வாங்கினேன். பொசிற்றிவ் தூணுக்கு எட்டில் மூன்று அங்குலமும் நெகற்றிவ் தூணுக்குப் பதினாறில் ஐந்து அங்குலமும் என்று இரண்டு அளவு வேண்டும் என்பது தெரியாமல் கடைக்கு இரண்டு முறை போக நேர்ந்தது. இப்போது சுழலும்போது நெகற்றிவ் பக்கம் 0.2 வோல்ற்தான் தொலைகிறது. ட்ரிம் அழுத்தினாலும் இரண்டு எண்களும் சேர்ந்தே இறங்குகின்றன. இரண்டு வார இறுதிகளில், அலை நன்றாக அடித்த ஒரு நாள் உட்பட, செய்தி வரவில்லை. திருத்தக நாளை விட்டுவிடவில்லை. எஞ்சினின் நினைவில் வேறு பழுதுக் குறியீடு ஏதும் இருக்கிறதா என்று மட்டும் படித்துப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.

தூண்டில்காரன் எழுதியது:

பாசியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று என் பற்றரிப் பெட்டியைத் திறந்தேன். அங்கேயும் விங் நட்தான். ஒன்று கையாலேயே கழன்றது. என் படகில் இன்னும் எந்தச் செய்தியும் வரவில்லை என்பதற்குக் காரணம், என் பழைய எஞ்சினுக்குச் செய்தி சொல்லவே தெரியாது என்பதுதான் போலிருக்கிறது. இரண்டு அளவு நட்டு என்று எழுதியதற்குத் தனியாக நன்றி. ஒரே முறையில் வாங்கிவிட்டேன்.

கம்பிவடம் எழுதியது:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். எஞ்சின் ஓடும்போதே 13.3-க்கும் 12.7-க்கும் வேறுபாடு இருந்தது என்பதால், உங்கள் பேட்டரி இந்த ஒரு மாதமும் அரைகுறையாகத்தான் சார்ஜ் ஆகியிருக்கும். எஞ்சின் கொடுத்தது முழுவதும் அதற்குப் போய்ச் சேரவில்லை. ஓர் இரவு வீட்டுச் சார்ஜரில் போட்டு நிறைத்துவிடுங்கள். பயணத்துக்கு முன் அதை ஒருமுறை சுமை வைத்துச் சோதிப்பதும் நல்லது. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரித் தூண்களுக்கு இடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் புதிது வாங்குவதே மேல்.

இன்னொன்று கேட்க வேண்டும். சிறு கம்பிகளைப் பட்டைக்கு மாற்றியபோது பில்ஜ் பம்பின் பொசிட்டிவ் கம்பியை எங்கே கொண்டுபோனீர்கள்? அதையும் முதன்மைச் சுவிட்சுக்குப் பிறகு இணைத்திருந்தால், நீங்கள் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு மழை பெய்து படகில் நீர் சேர்ந்தாலும் பம்பு எழுந்திருக்காது.

குடாக்கரை எழுதியது:

பயந்துபோய் இன்று மாலையே போய்ப் பார்த்தேன். நெகற்றிவ் கம்பிதான் பட்டைக்குப் போயிருக்கிறது. பொசிற்றிவ் கம்பி முன்பு இருந்தபடியே பற்றரித் தூணிலிருந்து, தனி உருகியோடு, சுவிட்சைத் தொடாமல், நீர் ஏறினால் பம்பை இயக்கும் மிதவைக்குப் போகிறது. முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்தேன், பம்பு ஓடியது. பற்றரி இப்போது நிலவறையில் சார்ஜரில் இருக்கிறது. திரும்பப் பூட்டும்போது மகள் அருகில் நின்று வரிசையைப் படித்துச் சொல்வதாக இருக்கிறாள்.